பதினான்காம் கேள்வி

பன்னிரண்டு பாட்டு. அதற்கு மேல் ஒரு பல்லவிகூட மூளையில் ஒட்டாது என்று டாக்டர் ஜெபசிங் சொன்னபோது தேர்வுக் கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

தர்மாம்பாள் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடத்தில் அவள் இல்லை. கமிட்டியில் ஒருத்தியான பாடகி பத்மாசனிக்குப் பின்னால், சுவரோரமாக, தம்பூராவை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு அதுதான் இடம். பத்மாசனியின் முகத்தைவிட முதுகுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும். மேல்ஸ்தாயிக்குப் போகுமுன் கழுத்தின் இடதுபக்க நரம்பு புடைக்கும். பாட்டு மனசுக்குப் பிடித்துவிட்டால் தோடு லேசாக ஆடும். சபையில் உட்கார்ந்து கேட்ட எந்த ரசிகனுக்கும் இதெல்லாம் தெரியாது.

செவிக்காய்ச்சல் அப்போது பெங்களூர் வரை வந்துவிட்டிருந்தது. மூன்று நாள் கொதிக்கும், நாலாம் நாள் இறங்கிவிடும், ஆள் சாவதில்லை. பேச்சு கேட்கும், நாய் குரைப்பது கேட்கும், பால்காரர் மணி கேட்கும். சங்கீதம் மட்டும் போய்விடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் தகரத்தை இழுக்கிற சத்தம்தான். கொல்கத்தாவில் கல்யாண வீட்டில் ஷெனாய் வாசித்தவர்களைக் கல்லால் அடித்தார்கள் என்று செய்தி வந்தது. அடித்தவர்கள் அதற்கு முந்தின மாசம்வரை அந்த வாத்தியத்துக்கு உயிரை விட்டவர்கள்.

அதற்கு மாற்றாக ஜெபசிங்கும் அவர் கூட்டமும் கண்டுபிடித்ததுதான் பதியன்.

"எங்கப்பா தோவாளையில பூந்தோட்டம் வச்சிருந்தாரு," என்று கமிட்டிக்கு விளக்கினார். "கிளைய வளைச்சு மண்ணுல பதிச்சு வச்சா அது தனியா வேர் பிடிக்கும்லா, அந்த மாதிரிதான் இதுவும். காய்ச்சல் வாறதுக்கு முன்னால பன்னெண்டு பாட்ட மூளையில வேற ஒரு இடத்துல பதிச்சு வச்சிருவோம். காய்ச்சல் அந்த இடத்துக்குப் போகாது. அப்புறம் ஆயுசு முழுக்க அந்தப் பன்னெண்டு பாட்டும் பாட்டாவே கேக்கும். மத்ததெல்லாம் சத்தம்தான், பாத்துக்கிடுங்க."

"ரெக்கார்டு போட்டுக் கேட்டுண்டா போறாதா?" என்றார் தலைவர் வைத்தமாநிதி. சங்கீத சாஸ்திரத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரெக்கார்டு ஒவ்வொரு தடவையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும் சார். காய்ச்சல் வந்த மூளை அத ரெண்டாம் நாளே சத்தம்னு தள்ளிரும். உயிரோட ஒருத்தர் முன்னால இருந்து பாடணும்."

ஆளுக்கு ஒரு பதியன்தான் போடலாம், ஒரு தடவைதான் போடலாம். சினிமாப் பாட்டுக்கு வடபழனியில் தனிக் கமிட்டி. அங்கே போலீஸ் வந்துதான் பிரித்துவிட்டது என்று கேள்வி. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான பேர் அந்தப் பட்டியலுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். கர்நாடக சங்கீதத்துக்குக் கொடுத்தவர்கள் நாற்பதாயிரம் பேர். அந்த நாற்பதாயிரம் பேரும் இனி சாகும்வரை எதைக் கேட்கலாம் என்பதைத் தரமணியில், ஏசி சரியாக ஓடாத ஓர் ஆராய்ச்சிக்கூடத்து அறையில், ஐந்து பேர் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. எழுதப்பட்டவற்றிலெல்லாம் உயர்ந்தது எது என்பதற்கு முதல் நாள் வைத்தமாநிதி ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் அந்த அளவுகோலால் அவருடைய குருவின் பாட்டு ஒன்று அடிபட்டது. மூன்றாம் நாள் அளவுகோலைக் காணோம்.

பைரவியில் ஒரு பெரிய பாட்டு. அது வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அது வைத்தமாநிதி வழியில் ஒரு மாதிரி, பத்மாசனி வழியில் ஒரு மாதிரி, கமிட்டியில் இருந்த வயலின்காரர் வழியில் இன்னொரு மாதிரி. யாருடைய பாடாந்தரத்தைப் பதிப்பது என்று ஐந்து நாள் சண்டை நடந்தது. கடைசியில் மரியாதைக் குறைவு யாருக்கும் வரக்கூடாது என்று மூன்றையும் சேர்த்தார்கள். பட்டியலில் நாலு, ஐந்து, ஆறு மூன்றும் ஒரே பாட்டு.

"மூணும் ஒண்ணுல்லா?" என்றார் ஜெபசிங், பாவம்.

"எப்படி ஒண்ணாகும்?" என்று மூன்று பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

நாகஸ்வரம் சோமாஸ்கந்தன் கேட்டது ஒரே ஒரு மல்லாரி. சாமி புறப்படும்போது வாசிப்பது. அதில் சாகித்யம் இல்லையே, எழுதினது யார் என்றும் தெரியாதே, வெறும் ஊர்வல வாசிப்பை எப்படி மகா கீர்த்தனைகளோடு சேர்ப்பது என்று வைத்தமாநிதி ரொம்பத் தன்மையாகச் சொல்லி அதை ஒதுக்கினார். பத்மாசனியும் ஆமோதித்தாள். தோடு ஆடவில்லை என்பதைத் தர்மாம்பாள் பார்த்தாள்.

டீ குடிக்க வராந்தாவுக்கு வந்தபோது சோமாஸ்கந்தன் அவளிடம் சொன்னார்: "எங்க ஒத்துக்காரர் காசிநாதன் இருந்தாரும்மா, சுருதிக்கு ஒத்து ஊதுறவரு. நாப்பது வருசம் என் பக்கத்துல நின்னு ஒரே சுரத்த ஊதுனாரு. அந்த ஆளு பேர ஒரு நோட்டீஸ்ல போட்டதில்ல. அவரு செத்தன்னைக்கு வாசிக்கப் போனேன் பாருங்க, கால வைக்க எடம் தெரியல. தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"நம்ம வேலை அப்படித்தானேண்ணே," என்றாள் தர்மாம்பாள். "இருக்கிறது தெரியக்கூடாது."

இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கற்றுத்தரப்பட்டது அது. தம்பூராக்காரி மேடையில் இருமக்கூடாது, தாளம் போடக்கூடாது, பாட்டு எவ்வளவு உருக்கினாலும் முகத்தில் காட்டக்கூடாது. பாட்டெல்லாம் பத்மாக்காவுடையது. சுருதி மட்டும் தன்னுடையது என்று அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. கச்சேரி தொடங்குமுன் நாலு தந்தியும் சேர்ந்து, தந்திக்கு அடியில் செருகின ஜீவா நூல் சரியான இடத்தில் போய் நின்று, ரீங்காரம் திறந்துகொண்டு கூடம் முழுக்கப் பரவுகிற அந்த ஒரு நிமிஷம் போதும் அவளுக்கு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு இல்லை, அண்ணன் வீட்டு மாடியறைதான். காய்ச்சலுக்குப் பிறகும் அந்த ரீங்காரம் தன் காதில் இருக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தால் சுருதி கூடவே வந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பன்னிரண்டும் முடிவானபின் பத்மாசனி ஒவ்வொன்றாகப் பாட, தலைமேல் ஏதேதோ கம்பிகள் மாட்டிய ஆட்கள் உட்கார்ந்து கேட்க, ஜெபசிங்கின் கருவிகள் அவற்றை வாங்கிக்கொண்டன. பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பதினைந்து கேள்விகள். பதினான்காவது கேள்வி இது: பதிவான ஒலிகளில் எவை இசை, எவை பின்னணி?

"பின்னணின்னு குறிச்சத நாங்க கழிச்சிருவோம்," என்றார். "ஃபேன் சத்தம், இருமல், நாற்காலி நகர்றது. பதியன்ல இடம் கம்மி. அது மட்டுமில்ல, கழிச்சத மூளை அப்புறம் எப்பவும் சத்தமாத்தான் எடுத்துக்கிடும். அதனால யோசிச்சு சொல்லுங்க."

கமிட்டி யோசித்தது. பாடும்போது தொடையில் தாளம் தட்டுகிற சத்தம் இசையா, பின்னணியா என்று அரை மணி நேரம் யோசித்தது. வைத்தமாநிதி மேற்கோள் காட்டினார். இசை என்று தீர்ப்பானது. பாட்டுக்கு நடுவே பத்மாசனி "ஆஹா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, அதுவும் இசை. குரல், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வியே இல்லை. அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்து போனார்கள்.

தர்மாம்பாள் தம்பூராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபசிங் திரும்பி வந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு சத்தம் ஒரே மாதிரி ஓடுது. உங்க வாத்தியம்தான். அத யாருமே சொல்லலியே. நீங்க வாசிக்கிறது பாட்டுல சேர்த்தியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. கமிட்டி விஷயத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"நான் ஒண்ணும் வாசிக்கல சார். சும்மா மீட்டுறேன். வெறும் சுருதிதான்."

"அப்படின்னா?"

"அது எப்பவும் இருக்கிறது சார். அதப் போய் யாரு பாட்டுன்னு சொல்லுவா? பத்மாக்கா பாடுறதுதான் பாட்டு."

அவர் சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பினார். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுறட்டா?"

"வேண்டாம் சார்," என்றாள் அவசரமாக. தன்னையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தான் டாக்டரிடம் கேட்டதாகப் பத்மாக்கா நினைத்துவிடுவாளோ என்கிற பயம். "பின்னணின்னே போடுங்க. அதுதான் சரி."

அவர் போட்டார். அந்தக் கேள்விக்கு எதிரே அவள் கையெழுத்திட்டாள்.

பரிசோதனை நன்றாகவே நடந்தது. பதியன் போட்ட பத்துப் பேருக்குக் காய்ச்சலை வரவழைத்து, அது இறங்கினபின் பத்மாசனியை அவர்கள் முன்னால் பாடச் சொன்னார்கள். தம்பூரா பின்னணி என்று தாளில் இருந்ததால் அதை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்றார்கள். பத்மாசனி பொருட்படுத்தவில்லை. "சுருதி என் காதுக்குள்ளேயே இருக்குடி தர்மா, நீ போய் காத்தாட உக்காரு," என்றாள். தர்மாம்பாள் வராந்தாவில் உறை போட்ட தம்பூராவோடு உட்கார்ந்திருந்தாள். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கதவு வழியாகக் கேட்ட குரல் அணுவளவும் பிசகவில்லை. பத்துப் பேரும் அழுதார்கள், செய்தி உலகமெல்லாம் போனது, ஒன்பது நாளில் பத்மாசனி, தர்மாம்பாள் உட்பட நாற்பதாயிரம் பேருக்கும் பதியன் போட்டு முடித்தார்கள்.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் சென்னைக்கு வந்தது.

தர்மாம்பாளுக்கு நாலு நாள். ஐந்தாம் நாள் காலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, தம்பூராவை எடுத்துப் பஞ்சமத் தந்தியைத் தட்டினாள். எவர்சில்வர் கூடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. மழை ஈரத்தில் தந்தி கெட்டிருக்கும் என்று நினைத்தாள். தந்தியை மாற்றினாள். ஜீவா நூலைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்க முறுக்க, கூடை உருளுகிற வேகம்தான் மாறியது. கீழிருந்து அண்ணி, "என்ன அங்க, பாத்திரம் தேய்க்கிறியா?" என்று கேட்டாள். அண்ணிக்கு சினிமாப் பட்டியல்.

அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, அல்லது புரிய விடவில்லை. பாட்டோடு சேர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து அரங்கத்தில், மார்கழி முதல் வாரம், மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. காய்ச்சலுக்குப் பிறகு முதல் கச்சேரி. பத்மாசனிக்கும் காய்ச்சல் வந்துபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எண்ணூறு பேர், எல்லாரும் பதியன் போட்டவர்கள், ஒரு மாசமாக ஒரு பாட்டும் கேட்காதவர்கள். முன்வரிசையில் ஜெபசிங் இருந்தார்.

தர்மாம்பாள் விரல் பழக்கத்தில் தந்தியைத் தொட்டாள். எண்ணூறு முகமும் சுளித்தன. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். பத்மாசனியின் தோள் இறுகியது. சத்தத்துக்கு நடுவே குரலை எழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. கையைப் பின்னால் நீட்டி, நிறுத்து என்று காட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கச்சேரியின் நடுவே தர்மாம்பாள் தந்தியிலிருந்து கையை எடுத்தது அதுதான் முதல் தடவை.

நிறுத்தினதும் பாட்டு வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பைரவி வந்தது, பத்மாசனி வழிப் பைரவி. பல்லவியின் மூன்று வரி அப்பழுக்கில்லாமல் வந்தது. அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தர்மாம்பாளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, மேடை என்பதையும் மறந்து துடைத்துக்கொண்டாள். தம்பூரா இல்லாவிட்டால் என்ன, பாட்டு இருக்கிறதே, அதுவே போதும் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தாள்.

அனுபல்லவியில் ஏதோ ஒன்று சரிந்தது. எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. பத்மாசனியின் குரல் ஓர் இழை இறங்கியிருக்கும், அது அவளுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. அடுத்த வரியில் இன்னும் ஓர் இழை. சரணம் தொடங்கும்போது எண்ணூறு பேர் காதிலும் ஒரே நேரத்தில் பாட்டு அறுந்து, கூடை உருள ஆரம்பித்தது.

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை இரண்டு வரி. மூன்றாவது தடவை, முதல் சொல். வயலின்காரர் வில்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சத்தம் போடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், வரிசை வரிசையாக எழுந்து போனது.

ஜெபசிங் மறுநாள் பத்மாசனியின் வீட்டுக்கு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கையில் கோப்பு. தர்மாம்பாள் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு," என்றார். "பதியன்ல பாட்டு இருக்கு. ஆனா பாடுறவங்களுக்கு எது ஆதாரம், எங்க நிக்கணும்னு சொல்ற ஒண்ணு இருக்கு பாத்தீங்களா, அந்த அடிச்சுருதி, அது இல்ல. அத நாம கழிச்சிட்டோம். பரிசோதனைல உங்களுக்குக் காய்ச்சல் வரல, அது உங்க காதுக்குள்ள இருந்துச்சு, அதனால தாக்குப்பிடிச்சுது. இப்ப யார் காதுலயும் இல்ல."

"அப்போ தம்பூராவைப் பின்னாடி வெச்சுண்டு பாடினா?"

"அந்தச் சத்தமே இனிமே யாருக்கும் சுருதியாக் கேக்காதும்மா. கழிச்சத மூளை சத்தமாத்தான் எடுக்கும்."

"திரும்பப் போட முடியாதா?"

"ஒரு தடவைதான்."

பத்மாசனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மழை விட்டு ஜன்னல் கம்பியில் சொட்டுகள் நின்றிருந்தன.

"பாடப் பாட பழகாதா?"

"ஒவ்வொரு தடவை தப்பாப் பாடும்போதும் பதியன் கொஞ்சம் கொஞ்சமா அழியுது. நேத்து அரங்கத்துல இருந்தவங்களுக்கு அந்தப் பைரவி ஏறக்குறைய போயாச்சு. பாடாம இருந்தா உள்ள இருக்கும். பாடினா போயிரும்."

"உள்ள இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள் பத்மாசனி. பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள். "தம்பூரா பின்னணின்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

ஜெபசிங் கோப்பை மூடினார். சுவர்ப்பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லலம்மா. நான்தான் கேக்காம விட்டுட்டேன். எனக்கு சங்கீதம் தெரியாதுல்லா."

தர்மாம்பாள் அவரையே பார்த்தாள். அவர் பொய் சொல்லிவிட்டார், எழுந்து போய்விடுவார், அந்தத் தாள் அலமாரியில் கிடக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இருக்கிறது தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"நான்தான்க்கா சொன்னேன். அவரு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. உங்கள ஒரு வார்த்தை கேக்கட்டுமான்னும் கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன். வெறும் சுருதிதானேன்னு சொல்லிட்டேன்."

பத்மாசனி திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள், அழுவாள், போடி வெளியே என்பாள், எதுவானாலும் தகும் என்று தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைக் கேட்டிருந்தா," என்றாள் பத்மாசனி, "நானும் அதையேதான்டி சொல்லியிருப்பேன்."

ஜெபசிங் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். தர்மாம்பாளும் எழுந்தாள்.

"எங்க போறே? இங்க வா. பின்னாடி போகாதே, முன்னாடி வந்து உக்காரு."

"எதுக்குக்கா?"

"மத்ததெல்லாம் ராத்திரி தனியாப் பாடிப் பாடிப் பாத்தேன், போயிடுத்து. ஒரு பாட்டு பாக்கி இருக்கு, பன்னெண்டாவது. அதை இன்னும் பாடிக் கெடுக்கல. நீ ஒரு நாளும் எதிர்ல உக்காந்து கேட்டதில்லையே."

"பாடினா போயிடும்க்கா. வேண்டாம்."

"போகட்டும்."

தர்மாம்பாள் எதிரில் போய், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்மாசனி கண்ணை மூடினாள். பாட எடுக்கும்போது அவள் நெற்றி இப்படிச் சுருங்கும் என்றோ, கீழுதடு ஒரு கணம் நடுங்கும் என்றோ தர்மாம்பாளுக்கு அதுவரை தெரியாது. பாட்டு வந்தது. ஒரு வரி முழுசாக வந்தது, இரண்டாவது வரியில் பாதி வந்தது. அதற்கப்புறம் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, தகரம் இழுபட்டுக்கொண்டிருந்தது. பத்மாசனி நிறுத்தவில்லை. தர்மாம்பாள் முகத்தில் எதையும் காட்டாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.